பறையை வாசலில் நிறுத்திவிட்டு எது மக்கள் வழிபாடு?

நவம்பர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, தலித் விடுதலை ஞாயிறு. அன்று பல பங்குகளில் பறை பீடம் வரைக்கும் வருகிறது. காணிக்கைப் பவனியில் அடிக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பறை எங்கே? பழையபடி சப்பரத்துக்கு முன்னால். இல்லையென்றால் சாவு வீட்டு வாசலில். கோயிலுக்குள் மீண்டும் கீபோர்டு.

தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பகுதி தலித் மக்கள். பெரும்பான்மையின் இசைக்கு ஆண்டில் ஒரே ஒரு ஞாயிறு என்றால், அதற்குப் பெயர் சலுகை.

திருச்சபைச் சட்டம் தடுக்கிறதா? இல்லை. 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு கிரகோரியன் இசைக்கு முதலிடம் தந்தது உண்மை. ஆனால் அதே ஏட்டின் 119-ஆம் பிரிவு, அந்தந்த மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரச் சொல்கிறது. 120-ஆம் பிரிவு பிற இசைக்கருவிகளையும் அனுமதிக்கிறது. அவை ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

சிக்கல் இந்த 'மாண்பு' என்ற சொல்லில்தான். நடைமுறையில் அதை அளப்பது யார்? பாடகர் குழுவும் பங்குப் பேரவையும். "அது சாவு மேளமாச்சே, பூசையில எப்படி?" என்று ஒருவர் கேட்டால் போதும், பேச்சு முடிந்துவிடும். மிருதங்கமும் மாட்டுத்தோல் போர்த்திய கருவிதான். அதைச் செய்துகொடுத்தவர்களில் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் முக்கியமானவை என்பதை டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020) விரிவாகச் சொல்கிறது. மிருதங்கத்தின் தோலுக்கு இல்லாத தீட்டு பறையின் தோலுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

பண்பாட்டுமயமாக்கல் என்று இங்கே நடந்ததையும் பார்க்க வேண்டும். 1606-ல் மதுரைக்கு வந்த தெ நொபிலி பிராமணத் துறவியின் கோலத்தை எடுத்தார். 1969-ல் ரோம் அனுமதித்த பன்னிரண்டு அம்சங்களில் கைகூப்புதல், விளக்கு, ஆரத்தி எல்லாம் வந்தன. 'இந்தியப் பண்பாடு' தேடிப் போனவர்கள் சேரிப் பக்கம் திரும்பவில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் வீரமாமுனிவர் பணி செய்தார். அவருடைய தேம்பாவணியைக் கொண்டாடுகிறோம், சரி. அதே கரிசல் மண்ணின் கும்மிக்கும் ஒப்பாரிக்கும் திருப்பலியில் இடம் உண்டா?

ஒருவர் எடுத்துக்கொடுக்க, கூட்டம் திருப்பிப் பாடுவதுதான் பதிலுரைப் பாடல். கும்மியடித்த பெண்களுக்கு இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பாடல்களில் பாதிக்குக் கிட்டத்தட்ட புலம்பல்தான். ஒப்பாரி பாடத் தெரிந்த நம் அம்மாக்களுக்கு 22-ஆம் திருப்பாடலின் துயரம் அந்நியமா? ஆனால் நாங்கள் வேலை செய்யும் ஊர்களில் ஞாயிறன்று மைக் நான்கைந்து பேர் கையில். சினிமா மெட்டுச் சாயலில் அவர்கள் பாடுகிறார்கள், களைவெட்டிலும் தீப்பெட்டி ஆபீசிலும் வாரம் முழுக்கப் பாடுபட்ட பெண்கள் வாய்மூடி நிற்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் இளைஞர்களில் பலரே பறையைத் தொட மறுக்கிறார்கள். அது வெட்கம் என்று மேலோட்டமாகச் சொல்லிவிட முடியாது. ஊர் கூப்பிட்டால் போய் அடித்தே ஆக வேண்டும் என்றிருந்த கட்டாயத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்த குடும்பங்கள் அவை. அவர்களிடம் போய், "தம்பி, உங்க ஆளுகள வரச் சொல்லுங்க, நாலு அடி அடிச்சிட்டுப் போகட்டும்" என்று பங்கில் கேட்டால், பழைய ஊர்க்கட்டளைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தலித்துகள் மட்டும் அடிக்கும் வரை, பீடத்தின் முன்னால் அடித்தாலும் அது குடிமைத் தொழில்தான்.

மாற்று வழி காட்டியவர்கள் உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் கத்தோலிக்க அருட்சகோதரிகள் தலித் பெண்பிள்ளைகள் கையில் பறையைத் தன்மானத்தோடு கொடுத்தார்கள். சீர்திருத்தத் திருச்சபையில், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் 'பறட்டை' தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டிலேயே வழிபாட்டை அமைத்தார்.

இசை மாறினால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்பார்கள். ஒழியாது. கல்லறைத் தோட்டத்துச் சுவரும், தலித் தெருவுக்குள் வராத சப்பரமும் தனித்தனிப் போராட்டங்கள். சபைக்குள் தலித் மக்கள் ஒதுக்கப்படுவதை இந்திய ஆயர் பேரவையே 2016-ல் வெளியிட்ட கொள்கை ஏட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒப்புக்கொண்டதைச் செயலில் காட்ட வழிபாடு நல்ல இடம். அங்கேதான் எல்லாரும் ஒன்றாக நிற்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள் மூன்று. மறைக்கல்வி வகுப்பில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பறை கற்றுக்கொடுங்கள். கற்றுத்தரும் கலைஞருக்கு கீபோர்டு வாசிப்பவருக்குத் தரும் அதே சம்பளமும் நாற்காலியும் கொடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது பதிலுரைப் பாடலை எடுத்துக்கொடுக்க அன்பியத்துப் பெண்களை அழையுங்கள், அவர்கள் மெட்டிலேயே பாடட்டும்.

இதற்கு ரோமின் புது அனுமதி தேவையில்லை. பங்குத்தந்தையின் மனமும் பங்குப் பேரவையின் ஒரு தீர்மானமும் போதும். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். யார் எதிர்க்கிறார்கள், என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள்.