மாயாவிக்கும் ஓர் அலமாரி

லண்டனில் 1962இல் தொடங்கிய 'வேலியன்ட்' வார இதழ் பல படக்கதைகளின் கதம்பம். ஒவ்வொன்றும் வாரத்துக்குச் சில பக்கங்கள்தான்; விறுவிறுப்பு ஏறும் இடத்தில் 'தொடரும்'. அதில் வந்த லூயி கிராண்டலை 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யாகத் தமிழுக்குக் கொண்டுவந்தது சிவகாசியின் முத்து காமிக்ஸ். அதுவும் தனிப் புத்தகமாக.

மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். தொடக்கத்தில் அவன் குற்றவாளி, பிறகுதான் உளவாளி. பிள்ளைகளைக் கெடுக்கும் புத்தகம் என்று முகம் சுளித்த பெரியவர்கள் கடைசிப் பக்கம்வரை படித்திருக்க மாட்டார்கள்!

மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளில் இத்தகைய பழைய பிரதிகள் கிடந்தால், உப்புக்காற்றும் கறையானும் விட்டுவைக்கா. இங்குள்ள நூலகங்கள் ஓர் அலமாரி ஒதுக்கி, வாசகர்களிடம் அவற்றைக் கேட்டு வாங்கலாம். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.