கோவாவின் கிராமக் குடியரசு யாருடையது?

நம் நண்பர்கள் பலருக்கு கோவா என்பது சாதி கேட்காத ஊர். வெங்கட் பிரபு 2010இல் எடுத்த 'கோவா' படத்திலும் ஊர்க்கட்டுப்பாட்டிலிருந்து தப்பிக்கிற பையன்கள் போய்ச் சேருகிற இடம் அதுதான். அறை வாடகை கொடுப்பவரிடம் அந்த ஊர் சாதி கேட்பதில்லை என்பது உண்மை. ஊர்நிலத்தில் பங்கு கேட்டுப் பாருங்கள், உடனே கேட்கும்.

கொஞ்சம் விவரம் தெரிந்த முற்போக்காளர்கள் வேறொரு கதை சொல்கிறார்கள். சூதாட்டக் கப்பல்களும் சுரங்க லாரிகளும் வில்லாக்களும் கோவாவைக் கெடுத்துவிட்டன. அதற்கு முன் நிலம் ஊருக்கே பொதுவாக இருந்தது. 'காவ்ங்காரி' என்ற அந்தக் கிராமக் குடியரசை மீட்க வேண்டும். முதல் பாதியில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாம் பாதியைத்தான் ஏற்க முடியாது.

காவ்ங்காரியில் 'ஊர்' என்றால் ஊரில் வாழ்கிறவர்கள் அல்ல. முதலில் குடியேறியதாகச் சொல்லிக்கொள்ளும் சில குலங்களின் ஆண் வாரிசுகள் மட்டும்தான். நில வருமானத்தில் 'ஜோன்' என்ற பங்கு அவர்களுக்கே. மகளுக்கு இல்லை. உப்புநீரைத் தடுக்கும் கஜான் வயல்களின் கரைகளில் சேறு சுமந்த குண்பிக்கும் காவ்டாவுக்கும் அந்த வயல் வருமானத்தில் பங்கில்லை. வளமான பழைய ஊர்கள் பலவற்றில் காவ்ங்கார் என்றால் பார்ப்பனர், இல்லையென்றால் அடுத்த நிலையில் இருந்த ஆதிக்கச் சாதி.

1510இல் வந்த போர்ச்சுக்கீசியர் கோயில்களை இடித்தார்கள், மதம் மாற்றினார்கள், விசாரணை மன்றம் வைத்து மனிதர்களை வதைத்தார்கள். காவ்ங்காரியை மட்டும் 1526இலேயே சாசனமாக எழுதிக் காப்பாற்றினார்கள். வரி வசூலுக்கு அது வசதி. மதம் மாறிய காவ்ங்கார், காவ்ங்காராகவே இருந்தார். தேவாலயத்துக்குள்ளும் பாமொண், சார்தோ, சூதிர் என்ற அடுக்கு அப்படியே வந்து உட்கார்ந்தது. கிளம்புவதற்கு எட்டு மாதம் முன்பு, 1961 ஏப்ரலில், இதற்கென்று ஒரு சட்டத் தொகுப்பையும் போட்டுவிட்டுத்தான் போனார்கள். அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

கோயில்களிலும் இதே கதை. சுற்றுலாப் பட்டியலில் இருக்கும் மங்கேஷி, சாந்தாதுர்கா போன்ற கோயில்களை நிர்வகிப்பது பிறப்பால் உரிமை பெற்ற மஹாஜன்கள். அதற்கான விதிகள் 1933இல் போர்ச்சுக்கீசிய அரசு வகுத்தவை. கோவாவின் பொது சிவில் சட்டத்தை நாட்டுக்கே முன்மாதிரி என்று புகழும் இந்துத்துவர்கள் இந்தப் போர்ச்சுக்கீசியச் சட்டத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. (அந்தப் 'பொது' சட்டத்தில், மனைவிக்கு முப்பது வயதுக்குள் ஆண் குழந்தை பிறக்கவில்லை என்றால் இந்து ஆண் மறுமணம் செய்யலாம் என்று ஒரு சலுகை இருப்பதையும் சொல்வதில்லை.) கலாவந்த் பெண்கள் இக்கோயில்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள், ஆடினார்கள். அச்சமூகத்தில் பிறந்த கேசர்பாய் கேர்கரின் குரல் 1977இல் வாயேஜர் விண்கலத்தில் ஏறிப் போனது. மஹாஜன் பட்டியலில் சேர அவர்களுக்கு வழியிருக்கவில்லை. நம்மூர் தேவதாசி ஒழிப்பு வரலாறு தெரிந்தவர்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

சரி, இந்தக் காவ்ங்காரி எப்படித்தான் நலிந்தது? அதன் ஆதரவாளர்களிடமே கேளுங்கள். குத்தகைச் சட்டத்தைக் கைகாட்டுவார்கள். 1963இல் வெகுமக்கள் வாக்கால் முதல்வரான தயானந்த் பாந்தோட்கர், அதே கலாவந்த் சமூகத்திலிருந்து வந்தவர். அவர் ஆட்சியில் 1964இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975இல் வந்த முண்ட்கார் சட்டம், பட்கார் எனப்படும் நிலவுடைமையாளரின் மண்ணில் குடிசை போட்டிருந்தவர்களை வெளியேற்றத் தடை போட்டது. பாந்தோட்கரே சுரங்க முதலாளி என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அந்தச் சீர்திருத்தம் சுரங்கத்தின் வாசலோடு நின்றுபோனதை அதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் உழுதவர் கைக்கு நிலம் கொஞ்சமாவது போனதைத்தான் இவர்கள் 'கோவாவின் அழிவு' என்று எழுதுகிறார்கள். அந்த ஏக்கத்தைச் சூழலியல் என்ற பெயரில் நாமும் சுமக்க வேண்டுமா?

சுரங்கத்தை எதிர்ப்பவர்களும் எல்லோரும் ஒன்றல்ல. போர்ச்சுக்கீசியர் கொடுத்த சலுகைகளை ஒன்றிய அரசு 1987இல் குத்தகைகளாக மாற்றிக்கொடுத்தது. ஷா ஆணையம் முறைகேடுகளை அம்பலப்படுத்தியபின் 2012இல் உச்ச நீதிமன்றம் சுரங்கங்களை நிறுத்தியது. 2018இல் 88 குத்தகைகளின் புதுப்பிப்பை ரத்து செய்தது. அப்போது பேசப்பட்டதெல்லாம் ஏற்றுமதி இழப்பும் லாரி உரிமையாளர் கடனும்தான். கேபெம் வட்டத்துக் காவ்ரெம் கிராமத்துப் பழங்குடிகள் லாரிகளை மறித்ததோடு நிற்கவில்லை. கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தோண்டித்தான் ஆக வேண்டுமென்றால் எங்கள் சங்கமே தோண்டட்டும் என்றார்கள். எந்தக் குலத்தின் ஆண் வாரிசு என்று பார்க்கிற பட்டியலைக் கேட்கவில்லை, ஊரில் வாழ்கிறவர்களின் உரிமையைக் கேட்டார்கள்.

2011 கணக்கெடுப்பின்படி கோவாவில் பழங்குடிகள் பத்து விழுக்காட்டுக்கும் மேல். 2022 தேர்தல் வரை 40 உறுப்பினர் சட்டமன்றத்தில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி ஒன்றுகூட இல்லை.