சேர்த்து நடுங்கள், தோழர்களே!

"கூலிக்காரனுக்குத் தோட்டம் ஒரு கேடா?" என்று கேட்கிறார் ஆலைத் தோழர் ஒருவர். அரிசி கழுவிய நீர் ஓடும் கொல்லையில் நாலு முழ மண் இருக்கிறதே, அது போதாதா?

போதும். ஆனால், கத்தரியை மட்டும் நட்டால் காய்ப்புழு துளைக்கும். தக்காளியை மட்டும் நட்டால் நூற்புழு வேரை அரிக்கும். உடனே மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். 2011இல் உச்சநீதிமன்றம் தடுக்கும்வரை எண்டோசல்பானையும் அல்லவா தெளித்தோம்! வயிற்றுக்கு வாங்கியது காயா, நஞ்சா?

வழி இருக்கிறது. தக்காளி நடுமுன் இரண்டு மாதம் அதே மண்ணில் செண்டுமல்லியை நெருக்கிப் போடுங்கள். அதன் வேரில் உள்ள நச்சு நூற்புழுவை ஒடுக்கும். ஓரத்தில் தட்டைப்பயறு, அதில் ஏறும் அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும், வந்தது கத்தரியையும் காக்கும். காய் பறித்தபின் பயற்றங்கொடியை வேரோடு மண்ணில் மடக்குங்கள். தழைச்சத்து காசில்லாமல் கிடைக்கும். கொத்தமல்லியில் சிலவற்றைப் பூக்க விடுங்கள். புழுவுக்குப் பகையான சிறு குளவிகள் தேன் தேடி வரும்.

பூச்சி அடியோடு ஒழியும் என்று ஏய்க்க மாட்டேன், குறையும். மருந்துச் செலவும் குறையும்.

தனித்து நின்றால் வீழ்வோம் என்று சங்கம் கண்டவர்கள் நாம். செடிக்கு மட்டும் வேறு நியாயமா?