கடப்பிதழைத் தொலைத்தவர்

பழனிக்கு வரும் மலேசியத் தமிழரை இங்கே யாரும் வெளிநாட்டவராக எண்ணுவதில்லை. அவரும் தம்மை அப்படி எண்ணிக்கொள்வதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது என்று தோன்றுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், தைப்பூசக் கூட்டம் கலைந்துகொண்டிருந்த மாலையில், அடிவாரத்தில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். பேராக் மாநிலத்திலிருந்து மனைவியோடு வந்தவர். "கடப்பிதழக் காணோம் தம்பி" என்றார். பஞ்சாமிர்தக் கடைக்காரர் அதை ஏதோ தேவஸ்தான ரசீது என்று நினைத்து, "வேற வாங்கிக்கலாங்கய்யா" என்று ஆறுதல் சொன்னார். மலேசியத் தமிழில் கடப்பிதழ் என்றால் பாஸ்போர்ட். இலங்கையர் கடவுச்சீட்டு என்பார்கள். நம் அரசுக் காகிதங்களிலும் அதுவே. ஒரு பொருளுக்கு இத்தனை சொற்கள் இருப்பது வளம்தான். அன்று அந்த வளம் அவருடைய அரைமணி நேரத்தைத் தின்றது. பதற்றத்தில் கைப்பேசியில் 999ஐ வேறு அழுத்திப் பார்த்திருக்கிறார். அவர் நாட்டில் அதுதான் அவசர எண். இங்கே 112, ஆம்புலன்சுக்கு 2008 முதல் 108.

உதவிக்குக் குறைவில்லை. தேநீர் வந்தது, உட்கார நாற்காலி வந்தது, ஒருவர் தம் வீட்டிலேயே தங்கிக்கொள்ளச் சொன்னார். அடுத்து எங்கே போவது என்பது மட்டும் கூடியிருந்த எவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் காவல் நிலையத்தில் புகார். அதன் நகலோடு சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்துக்குப் போனால் அவசரப் பயண ஆவணம் கிடைக்கும். பழனியிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம். பலரும் இத்தோடு முடிந்தது என்று விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். புதிய ஆவணத்தில் இந்திய விசா இருக்காது. ஆகவே வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் வெளியேறும் அனுமதியும் வேண்டும். அதற்கு இப்போது இணையவழியே விண்ணப்பிக்கலாம். இன்னொன்று: ஆஸ்பத்திரிச் செலவைத் தூதரகம் ஏற்காது, குடும்பத்துக்குத் தகவல் சொல்லும், வழிகாட்டும், அவ்வளவே. காப்பீடு இல்லாமல் எழுபது வயதில் விமானம் ஏறுவது, சொந்த ஊருக்குப் போகிறோம் என்ற நினைப்பில் செய்யும் தவறு.

அவரைக் காப்பாற்றியது விடுதிக்காரர். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 'சி ஃபார்ம்' என்பார்கள் விடுதிக்காரர்கள். அதற்காக எடுத்த நகல் அவரிடம் இருந்தது. வந்த அன்று, "நம்ம ஊர்ல நமக்கே அடையாளம் கேக்குறாங்களே" என்று முதியவர் சலித்துக்கொண்ட அதே நகல்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று நான் பார்த்த அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. வெளிநாட்டவர் என்றால் வெள்ளைக்காரர் என்ற பழைய நினைப்பு இன்னும் போகவில்லை. பழனிக்குக் கோலாலம்பூரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருபவர்களுக்குத் தமிழில் ஒரு பலகை வேண்டும். 112, 108, இரண்டு நாடுகளின் சென்னைத் தூதரக எண்கள், மேலே சொன்ன வரிசை. பாஸ்போர்ட், கடவுச்சீட்டு, கடப்பிதழ் என்று மூன்று சொற்களையும் அதில் எழுத வேண்டும். தேவஸ்தானமோ நகராட்சியோ, யார் வைத்தாலும் பெரிய செலவில்லை.

முதியவர் ஊர் திரும்ப ஒன்பது நாளாயிற்று. மனைவியின் கடப்பிதழ் பத்திரமாகவே இருந்தது. முன்னால் போகச் சொன்னோம். அந்த அம்மாள் மறுத்துவிட்டார்.