அறிக்கையோடு முடிகிறதா கடமை?

2023 ஆகஸ்டில் ஜிம்பாப்வே தேர்தலைப் பார்வையிட்ட தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகத்தின் குழு வழக்கமான பாராட்டுரையை வாசிக்கவில்லை. ஜாம்பியாவின் முன்னாள் துணை அதிபர் நெவர்ஸ் மும்பா தலைமையிலான அக்குழு, தேர்தலின் சில அம்சங்கள் அந்நாட்டு அரசியல் சட்டத்துக்கும் 2004இல் மொரீஷியஸில் உருவான பிராந்திய நெறிமுறைகளுக்கும் ஏற்ப அமையவில்லை என்றது. ஹராரேயில் பல வாக்குச்சாவடிகளுக்கு வாக்குச்சீட்டு பல மணி நேரம் தாமதமாகவே வந்தது. ஆளுங்கட்சியோ மும்பாவையே வசைபாடியது. விளைவு? அடுத்த ஆண்டே அதிபர் எம்மர்சன் முனங்காக்வா அதே சமூகத்தின் தலைவரானார்! அறிக்கை சுட்டிய குறைகளுக்குப் பதில் சொல்லாத அரசுக்குத் தலைமைப் பொறுப்பைத் தள்ளிவைக்கும் விதியேனும் வேண்டும்.

இது இறையாண்மையில் தலையிடுவதாகாதா என்று கேட்பார்கள். ஜிம்பாப்வே தானே ஒப்புக்கொண்ட நெறிமுறையும் அதன் சொந்தச் சட்டமும்தான் இங்கே அளவுகோல். வெளியார் திணித்தது எதுவுமில்லை. உள்நாட்டு நீதிமன்றமே போதும் என்ற வாதத்தில் வலு அதிகம். மலாவியில் 2019 அதிபர் தேர்தலின் முடிவுத்தாள்களில் வெள்ளை மை பூசித் திருத்தியிருந்தார்கள்; 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் அத்தேர்தலையே ரத்து செய்தது. ஆனால் அத்தகைய துணிச்சலான நீதிபதிகள் எல்லா நாட்டுக்கும் வாய்ப்பதில்லை. எதிர்க்கட்சியே நீதிமன்றப் படியேற மனமில்லாமல் ஒதுங்கும் நாட்டில், பிராந்தியக் குழுவின் அறிக்கையைவிட்டால் வாக்காளருக்கு வேறு கதியில்லை.