ஒரு டாலர் ஸ்டாம்பும் கித்தான் வாத்தும்!

வாத்தைச் சுடுகிறவனே வாத்தைக் காப்பாற்றுவானா?

காப்பாற்றுவான்! அமெரிக்காவில் அப்படி நடந்திருக்கிறது.

வட அமெரிக்காவில் "கான்வாஸ்பேக்" என்று ஒரு காட்டு வாத்து உண்டு. கான்வாஸ் என்றால் கித்தான் துணி. ஆண் வாத்தின் முதுகு கித்தான் போல வெளுத்திருக்கும். தலை செம்பழுப்பு, கண் சிவப்பு. நாமும் இதைக் கித்தான் வாத்து என்றே சொல்லலாம்.

இது முக்குளிக்கும் வாத்து. இதன் கால்கள் உடம்பின் பின்பக்கம் தள்ளி இருக்கின்றன. அதனால் தரையில் நடக்கத் தடுமாறும். தண்ணீரிலோ 5, 6 அடி ஆழம் மூழ்கி, சேற்றில் உள்ள கிழங்கையும் குருத்தையும் தோண்டித் தின்னும்.

கோடைக்கு ஓர் ஊர், குளிருக்கு ஓர் ஊர்

கனடாவிலும், அமெரிக்காவின் வடபகுதியிலும் பரந்த புல்வெளிகள் இருக்கின்றன. அவற்றில் எண்ணற்ற சிறு குட்டைகள். கோடையில் அந்தக் குட்டைகளில், கோரைகளின் நடுவே இந்த வாத்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது.

குளிர் வந்தால் குட்டைகள் உறைந்துவிடும். உடனே கூட்டம் கூட்டமாகத் தெற்கே புறப்படும். செசபீக் விரிகுடாவுக்கும், மெக்சிகோ வளைகுடாவுக்கும் பறந்து வரும்.

செசபீக் விரிகுடாவின் அடியில் "காட்டு செலரி" என்ற நீர்ச்செடி வளர்கிறது. அதைத் தின்று கொழுத்த வாத்தின் கறிக்கு ருசி அதிகம். அந்த ருசியே அதற்கு எமனாயிற்று!

19-ம் நூற்றாண்டில் ஓட்டல்களுக்கு விற்பதற்காக இதை வேட்டையாடினார்கள். படகில் ராட்சதத் துப்பாக்கியைப் பொருத்தி, ஒரே வெடியில் டஜன் கணக்கில் கொன்றார்கள். 1918-ல் வந்த சட்டம் இந்த வியாபாரத்துக்கு முடிவு கட்டியது.

சட்டம் மட்டும் போதுமா?

போதவில்லை. குட்டைகளின் தண்ணீரை வடித்துவிட்டு, விவசாயிகள் அந்த இடத்தில் ஏர் ஓட்டினார்கள். 1930-களில் கடும் வறட்சியும் வந்தது. கூடு கட்ட இடம் இல்லாத பறவையை எந்தச் சட்டம் காப்பாற்றும்?

1934-ல் அமெரிக்க அரசாங்கம் ஒரு வழி கண்டது. வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு ஸ்டாம்பு வாங்க வேண்டும். விலை 1 டாலர். அந்தப் பணம் நீர்நிலைகளைக் காப்பதற்கு! 1935-ல் வெளியான ஸ்டாம்பில் இருந்தது கித்தான் வாத்தின் படமே.

1958 முதல் இந்தப் பணத்தில் விவசாயிகளோடு ஒப்பந்தமும் செய்கிறார்கள். நிலம் விவசாயிக்கே சொந்தம். குட்டையை மட்டும் அவர் வடிக்கக் கூடாது. அதற்கு ஈடாகப் பணம் தருகிறார்கள். அவர் வயிற்றில் அடிக்காமல் பறவையைக் காப்பது இதுதான்.

இன்று ஸ்டாம்பின் விலை 25 டாலர். இதுவரை காப்பாற்றிய நிலம் 60 லட்சம் ஏக்கருக்கு மேல்!

"கொல்கிறவனிடம் காசு வாங்கியா உயிரைக் காப்பது?" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். வேட்டையை நானும் விரும்பவில்லை. ஆனால் அந்தக் காசு வராமல் இருந்தால், பல குட்டைகள் இன்று வயலாகியிருக்கும்.

வேறு கட்டுப்பாடுகளும் வந்தன. சேற்றில் கிடக்கும் ஈயக் குண்டுகளை விழுங்கி வாத்துகள் செத்தன. 1991-ல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டு நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. வாத்துகள் குறைந்த ஆண்டுகளில், இந்த வாத்தைச் சுடவே தடை போட்டார்கள்.

இன்று இந்த இனம் அழியும் நிலையில் இல்லை. ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கின் நீண்ட காலச் சராசரி சுமார் 6 லட்சம்.

பார்க்கிறவர் பங்கு என்ன?

ஆனால் கவலை தீரவில்லை. வயல் உரமும், சாக்கடையும், மண்ணும் செசபீக் விரிகுடாவைக் கலக்கின. 1972-ல் "ஆக்னஸ்" புயல் வெள்ளமும் சேர்ந்துகொண்டது. காட்டு செலரி பெருமளவு அழிந்தது. கிழங்கு தின்ற வாத்து, சிப்பியைத் தின்று காலம் தள்ளுகிறது.

வேட்டைக்காரர்களும் குறைந்து வருகிறார்கள். 1970-ல் சுமார் 24 லட்சம் ஸ்டாம்புகள் விற்றன. அண்மை ஆண்டுகளில் விற்பது சுமார் 15 லட்சம்தான்.

தூரக்கண்ணாடியோடு வந்து, வாத்தைப் பார்த்து மகிழ்கிறவர்கள் ஏராளம். அவர்கள் ஸ்டாம்பு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சுடுகிறவன் பணம் கட்டுகிறான். ரசிக்கிறவர் கட்ட வேண்டாமா?

பறவையைப் பார்த்து "ஆகா!" என்று சொன்னால் போதாது. அது இறங்கும் தண்ணீருக்கு நம் பங்கையும் தரவேண்டும். அதுதான் உண்மையான அன்பு.