நகரத்துக்கு டைல்ஸ், கிராமத்துக்குக் காபட், தோட்டத்துக்குத் துரை

சபை அறிவித்தல்களை வாசித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அதில் இரண்டே இரண்டு இடங்கள்தான் வரும். ஒன்று நகரம், மற்றது கிராமம். நகர அபிவிருத்தி என்றால் பஸ் தரிப்பிடம், நடைபாதைக்கு டைல்ஸ், சந்தைக் கட்டடம், கானுக்கு மூடி. கிராமிய அபிவிருத்தி என்றால் காபட் ரோட், சின்னப் பாலம், குடிநீர், தெருவிளக்கு. நாங்கள் ஐந்து பேர். பேராதனையில் கலைப்பீடம். நாலு பேருடைய வீடு தலவாக்கலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில், ஒருத்தியின் வீடு டவுனில், அப்பாவுக்குக் கடை. லீவுக்கு வரும்போதெல்லாம் இந்த அறிவித்தல்களை ஃபோனில் தட்டிப் பார்ப்போம். ரிப்பன் வெட்டுகிற படம், கல் நடுகிற படம், தேங்காய் உடைக்கிற படம். பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வோம்: இதுல நம்ம எங்க இருக்கோம்?

பதில் புள்ளிவிபரத்தில் இருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் இந்த நாட்டை மூன்றாகப் பிரித்து எண்ணுகிறது: நகரம், கிராமம், தோட்டம். 20 ஏக்கரோ அதற்கு மேலோ உள்ள, பத்துப் பேராவது தங்கி வேலை செய்கிற பயிர்நிலம் இருந்தால் அது தோட்டம். அதாவது ஓர் இடம் ஊரா இல்லையா என்பதை அங்கே எத்தனை தலைமுறை பிறந்தது, எத்தனை பேரைப் புதைத்தோம், எத்தனை கோயில் கட்டினோம் என்பதெல்லாம் தீர்மானிக்காது. தேயிலை எத்தனை ஏக்கர் என்பதுதான் தீர்மானிக்கும். 2012 கணக்கெடுப்பில் நாடு முழுக்கப் பார்த்தால் தோட்டத்துச் சனம் 4.4 சதவீதம்தான். ஆனால் நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கும் மேல். அப்படிப்பட்ட மாவட்டத்தில் ‘நகரமும் கிராமமும்’ என்று திட்டம் எழுதினால், பாதிப் பேரை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம் என்று அர்த்தம். எழுதுகிறவருக்கு அது தெரியாமல் இருக்கும் என்று நாங்கள் நம்பத் தயாரில்லை.

போன ஆடி மழையில் எங்களில் ஒருவனின் அப்பாயிக்கு மூச்சு முட்டியது. மெயின் ரோட்டிலிருந்து அவர்கள் டிவிஷனுக்கு மூன்று கிலோமீட்டர். அதில் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு ஆட்டோ ஏறாது. கொழுந்து லொறி மட்டும் ஏறும், அதுவும் காயும் நாளில். மழைத்தண்ணி கல்லை எல்லாம் அரித்துக் கானுக்குள் தள்ளிவிட்டது. கானே ரோட்டாகி, ரோடே கானாகி விட்டது. அப்பாயியைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, ரெட்டைக் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அப்பாயி பிழைத்துக்கொண்டார், இப்போதும் வெற்றிலை போட்டுக்கொண்டு எங்களைத் திட்டுகிறார். அந்த லீவிலேயே நாங்கள் ஒரு சபை அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் நல்ல மனுசன்தான். உட்காரச் சொன்னார், வரைபடத்தைக்கூட எடுத்துக் காட்டினார்.

“தம்பி, இந்த எடம் வரைக்கும் நம்ம ரோட். அதுக்கு மேல தோட்டம். நீங்க தொரையிட்டப் போய்க் கேளுங்க.”

தோட்ட ஆபீஸுக்குப் போனோம். துரையைப் பார்க்க முடியவில்லை. கிளாக்கர் ஐயா சொன்னார்: “கம்பனிக்கு நட்டம் பிள்ளைங்களா. கொழுந்து லொறி போற ரோட்டத்தான் நாங்க பாப்போம். லயத்துக்குப் போற ரோடுன்னா அது சபை வேலை, அங்க கேளுங்க.”

இரண்டு ஆபீஸுக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. தேயிலை மட்டும் சொந்தக்காரரோடு இருக்கிறது.

இது அந்த மனுசனின் குற்றமோ கிளாக்கரின் குற்றமோ என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இது சட்டத்தில் எழுதி வைத்த விஷயம். 1937இல் வெள்ளைக்காரன் காலத்திலேயே கிராமச் சங்கச் சட்டத்தைத் திருத்தியபோது, தோட்டத்து இந்தியத் தொழிலாளிக்குக் கிராமச் சங்கத்தில் வாக்கில்லை என்று வைத்தார்கள். ‘நீ ஊர்க்காரன் இல்லை’ என்பதுதான் அதன் பொருள். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அதையே நாடு முழுக்கப் பெரிதாக்கியது. அந்தக் கதையை மேடைகளில் எல்லாரும் பேசுகிறார்கள். பிரஜாவுரிமை ஒருவழியாகத் திரும்பக் கிடைக்கத் தொடங்கிய காலத்தில் வந்த இன்னொரு சட்டத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை: 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். அதன் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளைச் சபைப் பணத்துக்கு வெளியே நிறுத்தியது. வாக்குப் போடலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகக்கூட உட்காரலாம். ஆனால் தவிசாளர் தன் சொந்த லயத்துக் கானுக்கு ஒரு மூட்டை சீமெந்து கொடுத்தால் கணக்காய்வில் மாட்டுவார்! முப்பது வருடம் இந்தக் கூத்து நடந்தது.

2018இல் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. தோட்டத்து மக்களுக்கும் பாதை, கிணறு, பொது வசதி என்று சபை செலவழிக்கலாம். அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவை என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகளையும் உடைத்து ஆறாக்கினார்கள். கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் அப்படி வந்தவைதான். பட்டாசு கொளுத்தினோம், மறுப்பதற்கில்லை. ஆனால் ‘செலவழிக்கலாம்’ என்பது வேறு, ‘செலவழிக்க வேண்டும்’ என்பது வேறு. நடைமுறையில் இன்றைக்கும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் ஒரு கிரவல் லொறியும் மேலே ஏறாது. சட்டம் கதவைத் திறந்தது சரி, கதவுக்குப் பக்கத்தில் துரைக்கு ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுத்துவிட்டது.

இந்தச் சம்மதம் என்ற சொல்லில்தான் எங்களுக்குக் கோபம். யாருடைய காணிக்கு யாருடைய சம்மதம்? 1975இல் பெருந்தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. கொடுத்தது நிர்வாகத்தையும் குத்தகையையும்தான், காணியை அல்ல. 53 வருடக் குத்தகை. காணி இன்னமும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் போன்ற அரச நிறுவனங்களின் பெயரில். ஆக, பொதுமக்களின் சபை, பொதுமக்களின் பணத்தில், பொதுமக்களின் காணியில், பொதுமக்கள் நடக்க ஒரு பாதை போட, வாடகைக்கு இருப்பவரிடம் போய்க் கையைக் கட்டி நிற்கிறது. டவுனில் யாராவது வாடகைக் கடைக்காரர் ‘என் கடைக்கு முன்னால் நடைபாதை போடாதே’ என்றால் கேட்பார்களா?

அதே காணியில் அரசுக்குத் தேவை வந்தபோது என்ன நடந்தது என்பதை நாங்கள் சின்ன வயதில் கண்ணால் பார்த்திருக்கிறோம். மேல் கொத்மலை நீர்மின் திட்டம். ஜப்பான் கடன், 150 மெகாவாட், 2012இல் ஓடத் தொடங்கியது. டவுனுக்குக் கீழே அணை கட்டினார்கள், மலையைக் குடைந்து கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம் போட்டார்கள், ஏறக்குறைய 500 குடும்பங்களை இடம் மாற்றினார்கள். சென் கிளேயர் அருவிக்குத் தண்ணீர் எத்தனை மணித்தியாலம் விடுவது என்றுகூடப் பேச்சுவார்த்தை நடந்தது. மலையைக் குடைய அனுமதி கிடைக்கிறது, மலசலகூடக் குழி தோண்ட அனுமதி கிடைப்பதில்லை! அணை தேவையா இல்லையா என்பது வேறு வாதம், எங்களுக்குள்ளேயே அதில் சண்டை இருக்கிறது. தேவை என்று அரசு முடிவெடுத்தால் தோட்டக் காணி திறக்கும் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னால் டவுனில் ஒரு பதில் தயாராக இருக்கும்: “தோட்டத்து ஆளுங்க சபைக்கு வரி கட்டுறாங்களா?” எங்கள் தோழியின் அப்பாவே கேட்டார், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே. நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். சோலைவரி கட்ட ஒருவருக்குச் சொந்தமாக வீடு இருக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் நாலு தலைமுறையாக இருக்கிறோம், அது எங்கள் பெயரில் இல்லை. கதவு இலக்கம் இல்லாத லயங்கள் எத்தனையோ, கடிதம்கூடத் தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும். வீட்டைச் சொந்தமாகத் தராமல் வைத்துக்கொண்டு வீட்டு வரி கட்டவில்லை என்று சொல்வதை என்னவென்று சொல்ல? காணிக்கு ஏக்கர் வரி என்று ஒன்று இருக்கிறது, அதைக் கட்ட வேண்டியது காணியை வைத்திருப்பவர். அது ஒழுங்காக வருகிறதா, எவ்வளவு வருகிறது என்பதைச் சபைகள் அறிவித்தலாகப் போடட்டும், நாங்கள் முதல் ஆளாகப் பகிர்கிறோம். அதோடு அங்கிள், சம்பள நாளன்று உங்க கடையில நிக்கிற கியூ எந்த ஊர்க் கியூ? (அவர் சிரித்துவிட்டு இன்னொரு வடையும் வைத்தார். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.)

2016ஆம் ஆண்டுக்கான அரச கணக்கில் வறியவர்கள் நகரத்தில் 1.9 சதவீதம், கிராமத்தில் 4.3, தோட்டத்தில் 8.8. வருமானத்தை மட்டும் பார்க்காமல் வீடு, தண்ணீர், கல்வி, சுகாதாரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் நாடு முழுக்க 16 சதவீதம், தோட்டத்தில் 51.3. இரண்டாவது இலக்கம் ஏன் இவ்வளவு தூரம் பாய்கிறது என்று யோசியுங்கள். சம்பளம் குறைவு என்பது ஒரு காரணம். ஆனால் அந்த இலக்கத்துக்குள் இருப்பது குழாய், கூரை, கக்கூஸ், பாதை. ஒரு நாட்டில் உள்ளூராட்சி என்று ஒன்றை எதற்காக வைத்திருக்கிறார்களோ அந்தச் சாமான்கள்தான். சம்பளத்துக்காக நாங்கள் வீதிக்கு இறங்கியிருக்கிறோம், ஆயிரம் ரூபாய்க்காகக் கொழும்புக் காலிமுகத்திடல் வரை போயிருக்கிறோம். கானுக்காக ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

ஏன் இறங்கவில்லை? கான் யாரோ தருகிற பரிசு என்று பழக்கிவிட்டார்கள். சபைக்கு அதிகாரம் இல்லாத அந்த முப்பது வருடமும் தோட்டத்துக்கு எதுவுமே வரவில்லை என்று சொல்ல முடியாது. பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஐம்பது மீட்டர் கொங்கிரீட், அமைச்சின் நிதியில் ஒரு தண்ணீர்த் தாங்கி, தேர்தலுக்கு முந்திய வாரம் கூரைத் தகரம். அந்த ஐம்பது மீட்டரின் தொடக்கத்தில் ஒரு பளிங்குப் பலகை இருக்கும், ஐயாவின் பெயர் பொன் எழுத்தில். சில இடங்களில் பாதை கரைந்துவிட்டது, பலகை மட்டும் நிற்கிறது. எல்லாக் கட்சிக்காரரும் இதைச் செய்தார்கள், எங்கள் வீட்டுச் சுவரில் படம் மாட்டியிருந்த கட்சியும் சேர்த்துத்தான். உரிமையாக வந்தால் எந்த வருடம், எவ்வளவு, ஏன் தாமதம் என்று கேட்கலாம். பரிசாக வந்தால் மாலைதான் போட முடியும். யூனியன் தலைவருக்கும் துரைக்கும் இந்த ஏற்பாடு வசதியாகத்தான் இருந்தது.

டவுனுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம். டவுன் எங்களுடையதும்தான். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருகிற எங்கள் அம்மாக்களுக்குச் சுத்தமான ஒரு பொது மலசலகூடம் வேண்டும், பஸ்ஸுக்கு நிற்கிற ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கூரை வேண்டும். எங்களுக்குப் பிரச்சினை எல்லைக் கோட்டில்தான். நகர சபையின் எல்லை முடிகிற இடத்தில் பிரதேச சபை தொடங்குகிறது, அங்கேயே தோட்டமும் தொடங்குகிறது. டவுனுக்கு வரும் நிதியைக் கணக்குப் போடும்போது ‘சுற்றுவட்டார மக்களும் பயன்பெறுவர்’ என்று எங்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். சேவை என்று வரும்போது நாங்கள் எல்லைக்கு வெளியே. பக்கத்தில் சென் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1925இல் தொடங்கியது. தேயிலைச் செடிக்கு எந்தப் பூச்சி, எந்தக் கொப்புள நோய், எந்த மண்ணுக்கு எவ்வளவு உரம் என்று தலைமுறை தலைமுறையாக அளந்து வைத்திருக்கிறார்கள். செடியைப் பார்த்துக்கொள்கிற ஆள் நடக்கிற பாதை எத்தனை மீட்டர் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மார்ச்சில் வைக்க வேண்டிய தேர்தலைப் பணமில்லை என்று வைக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. கடைசியில் 2025 மே 6இல் வாக்குப் போட்டோம். எங்களில் மூன்று பேருக்கு அதுதான் முதல் உள்ளூராட்சி வாக்கு. இப்போது சபைகளின் அடுத்த பாதீடு வரப்போகிறது. பாதீட்டுக்கு முன்மொழிவு கொடுங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவித்தல் போடுவார்கள், யாரும் போக மாட்டார்கள். இந்த முறை நாங்கள் போகிறோம், உங்களையும் கூப்பிடுகிறோம். பெரிய புரட்சி ஒன்றும் கேட்கவில்லை. பாதீட்டில் ‘தோட்டக் குடியிருப்புகள்’ என்று தனியாக ஒரு தலைப்பும் அதற்கு நேரே ஒரு தொகையும் வேண்டும். சபைக்குப் பொறுப்பான பாதைகளின் பட்டியலில் லயத்துக்குப் போகிற பாதைகளையும் நீளத்தோடு சேர்க்க வேண்டும். தோட்ட நிர்வாகத்திடம் சபை கேட்ட ஒவ்வொரு அனுமதிக் கடிதமும், வந்த பதிலும், வராத பதிலும் வெளியே வர வேண்டும். வெளியிட மாட்டோம் என்றால் 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தப் படிவத்தை நிரப்புவது பேராதனை ஹொஸ்டல் படிவத்தைவிட லேசு.

ஒன்றை ஏற்கெனவே நிரப்பிக் கொடுத்துவிட்டோம், அப்பாயியின் அந்த ஒரு கிலோமீட்டருக்காக. சபையில் தந்த முன்மொழிவுத் தாளில் ‘கிராமத்தின் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிவிஷனின் பெயரை எழுதினோம். வாங்கிய அக்கா பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: “இது கிராமம் இல்லையே தங்கச்சி, தோட்டம்தானே? மாத்தவா?”

“வேணாம் அக்கா, அப்படியே இருக்கட்டும்” என்றோம். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சீல் குத்தி, பிரதியைக் கிழித்துத் தந்தார்.